ஆபரேஷன் முடிஞ்ச அம்பாசிடரும் அவசரப்பட்ட டாக்டரும்

கொஞ்சம் நீளமான இழை. பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்காக எழுதுறேன். வீட்ல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சு "இன்னும் சரியாகலையே"ன்னு புலம்பிக்கிட்டு இருக்கிறவங்களும் படிக்கலாம். ரெண்டும் ஒரே கதைதான்னு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் எனக்கே புரிஞ்சுது.

எங்க வீட்ல ஒரு அம்பாசிடர் இருக்கு. மார்க் 4, 1986 மாடல், பெட்ரோல் வண்டி. அப்பா கோவில்பட்டியில டாக்ஸி ஓட்டின வண்டி அது. நான் எம்.பி.பி.எஸ். படிச்ச காசு அந்த மீட்டர்ல ஓடின காசுதான். அதனால இந்த விஷயத்துல நான் நடுநிலையான ஆள் கிடையாது, முதல்லயே சொல்லிடுறேன்.

வண்டி ஏழு வருசமா ஷெட்டுல நின்னுச்சு. கரிசல் புழுதி ஒரு இஞ்ச் படிஞ்சிருந்தது. போன வருசம் அப்பாவுக்கு எழுபது முடிஞ்சது. "குலதெய்வம் கோயிலுக்கு ஒருதடவ என் வண்டியிலயே போகணும்"னார். சரின்னு முழு இன்ஜின் வேலைக்குக் கொடுத்தேன். சிலிண்டர் போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் கிரைண்டிங், பேரிங் ஷெல், வால்வு சீட்டிங், ஹெட் ஃபேசிங் எல்லாம். மொத்தம் 68,000 ரூபாய். செஞ்சது அப்பா காலத்து மெக்கானிக் அண்ணாச்சி. நாப்பது வருசமா இந்த இன்ஜினைப் பிரிச்சுச் சேர்க்கிற கை.

இந்த இன்ஜினைப் பத்தி ரெண்டு வரி. அம்பாசிடர்ங்கிறது இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாம் சீரிஸ். கல்கத்தா பக்கம் உத்தரபாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில ஆரம்பிச்சு 2014 வரைக்கும் செஞ்சாங்க. எங்க வண்டியில இருக்கிறது 1489 சி.சி. பி சீரிஸ் இன்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, ஸ்கேனர் மாட்ட ஓட்டையே கிடையாது. நோயாளி வாயைத் திறந்து சொல்ல மாட்டான். நாமதான் தொட்டு, தட்டி, கேட்டு, மோந்து பார்க்கணும். மெடிக்கல் காலேஜ்ல மூணாம் வருசம் சொல்லித் தர்றது இதைத்தான்!

வண்டி வந்த முதல் வாரம் அருமையா ஓடுச்சு. பிரச்சினை செல்ஃப் எடுக்கிறதுல ஆரம்பிச்சுது. காலையில கொஞ்சம் முனகிட்டு எடுக்கும். ஓடிச் சூடான பிறகு ஆஃப் பண்ணினா அவ்வளவுதான், "ங்...ர்ர்...ங்..."னு முக்கும், எடுக்காது. ஒருநாள் கயத்தாறுல டீ குடிக்க நிறுத்தினேன். நாலு வழிச்சாலை ஓரத்துல, மே மாச வெயில்ல, நாலு பேர் தள்ளித்தான் கிளம்பிச்சு. தள்ளினவங்கள்ல ஒருத்தர் என் பழைய பேஷண்ட். "டாக்டர், உங்களுக்கே இந்த நெலமையா"ன்னு கேட்டார்.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்க கவனிக்கணும்.

பேட்டரி வீக்னு ஒருத்தர் சொன்னார். புது பேட்டரி, 5,800 ரூபாய். சரியாகலை. செல்ஃப் மோட்டார் போச்சுன்னு இன்னொருத்தர். பிரஷ், புஷ் மாத்தி 3,200 ரூபாய். ரெண்டு நாள் பரவாயில்லாம இருந்துச்சு, பிறகு பழையபடிதான். எலக்ட்ரீஷியன் ஒருத்தர் மல்டிமீட்டரை வச்சு எர்த் பார்த்தார். "பீப்" அடிச்சுது. "எர்த் ஓகே சார்"னு எழுந்துட்டார். கடைசியா திருநெல்வேலியில ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். பானட்டைத் திறந்து ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்த்துட்டு தீர்ப்பு சொன்னாங்க: "இன்ஜின் டைட் சார். பேரிங் கிளியரன்ஸ் இல்லாம போட்டுட்டாங்க. யார் சார் இந்த வேலையைப் பார்த்தது? மறுபடி பிரிக்கணும். நாப்பதாயிரம் ஆகும்."

"யார் சார் பார்த்தது?" இந்தக் கேள்வி எனக்கு நல்லா பரிச்சயம். ஓ.பி.யில தினமும் கேட்கிறது. முந்தின டாக்டர் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிறதுக்கு ஒரு செகண்ட்கூட ஆகாது. அவர் என்ன நிலைமையில, எத்தனை மணிக்கு, எந்த வசதியோட பார்த்தார்னு நமக்குத் தெரியாது. ஆனா பிதுக்கிடுவோம். நானும் பிதுக்கியிருக்கேன்.

அன்னைக்குச் சாயங்காலம் நேரா அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர்கிட்ட வேலை பார்க்கிற பசங்க மூணு பேர் நிக்கும்போதே, "நாப்பது வருசம்னு சொன்னீங்களே அண்ணாச்சி, இதுதானா?"ன்னு கேட்டுட்டேன். அவர் கோபப்படலை. கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "ஒரு வண்டி என்னைய இப்பிடி நிக்க வச்சதில்ல தம்பி. பிரிச்சிருவோம். கூலி வேண்டாம், சாமானும் என் செலவு."

நான் சரின்னு சொல்லிட்டேன். எழுதவே கூச்சமா இருக்கு. வாடகைக் கடையில உட்கார்ந்திருக்கிற அறுபத்தஞ்சு வயசு மனுஷன், பேரைக் காப்பாத்திக்க ஒரு இன்ஜினைச் சொந்தக் காசுல பிரிக்கிறேங்கிறார். நான் அதை ஏத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

வீட்ல அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எல, பிரிக்கிறதுக்கு முன்னால ஹேண்டிலப் போட்டுச் சுத்திப் பாத்தீகளா?"

யாருமே பார்க்கலை.

மறுநாள் காலையில நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டிட்டு, நியூட்ரல்ல போட்டு, ஹேண்டிலை விட்டார். எழுபது வயசு மனுஷன் ஒத்தைக் கையால சுத்துறார், வெண்ணெய் மாதிரி சுத்துது. பிளக்கை மாட்டிட்டுச் சுத்தினா நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் கைக்குத் தெரியுது, தாண்டி விட்டதும் லேசாகுது. "இதுவா டைட்டு?"ன்னார். நாப்பதாயிரம் ரூபாய் தீர்ப்பு அஞ்சு நிமிஷத்துல செத்துப் போச்சு.

ஹேண்டில் போடுறப்போ கட்டை விரலை மத்த விரல்களோட ஒரே பக்கம் வைக்கணும், சுத்திப் பிடிக்கக் கூடாது. இன்ஜின் திருப்பி உதைச்சா மணிக்கட்டு போயிடும். எலும்பு மருத்துவப் புத்தகத்துல "ஷோஃபர்ஸ் ஃபிராக்சர்"னே ஒண்ணு இருக்கு, தெரியுமா? டிரைவர் முறிவுன்னு அர்த்தம். மணிக்கட்டுல கட்டை விரல் பக்கம் ஆர எலும்போட நுனி உடையறது. அந்தக் காலத்து டிரைவர்களுக்கு ஹேண்டில் உதைச்சு வந்ததால அந்தப் பேர். 1912-ல் கெட்டரிங் கண்டுபிடிச்ச எலக்ட்ரிக் செல்ஃப் காடிலாக் கார்ல வந்த பிறகுதான் அந்த வகை முறிவு மெல்லக் குறைஞ்சுது. இப்போ பைக் விபத்துல அதே முறிவைப் பார்க்கிறோம், பேர் மட்டும் மாறலை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இன்ஜின் டைட் இல்லை. பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டார் சர்வீஸ் ஆயிடுச்சு. அப்போ என்ன மிச்சம்? அப்போதான் ஒரு மாசமா என் மூக்குக்கு முன்னாடியே இருந்த ஒரு அறிகுறி ஞாபகம் வந்துச்சு. சூடான வண்டியில செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் டேஷ்போர்டு பக்கம் லேசா ரப்பர் கருகுற வாசனை. ஒருநாள் சோக் கேபிளைத் தொட்டுக் கையை எடுத்துக்கிட்டேன், அவ்வளவு சூடு. "இன்ஜின் சூடு"ன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஒத்து வராத அறிகுறியை ஓரமா தள்ளி வைக்கிற இந்தக் கெட்ட பழக்கம் டாக்டர்களுக்கும் உண்டு, மெக்கானிக்குகளுக்கும் உண்டு.

சோக் கேபிளை வெறும் கம்பின்னுதான் நினைப்போம். அது ஏன் சுடணும்? அது வழியா கரண்ட் ஓடினாத்தான் சுடும். அது வழியா ஏன் ஓடணும்? திரும்பிப் போக வேற நல்ல வழி இல்லாததால.

1628-ல் வில்லியம் ஹார்வி இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் பத்திப் புத்தகம் எழுதினார். கையில இறுக்கமா கட்டினா நாடித் துடிப்பே நிக்குது. கொஞ்சம் தளர்த்தினா ரத்தம் உள்ளே போகுது, ஆனா திரும்பி வர முடியாம கை வீங்கி நரம்பு புடைக்குது. ரத்தம் போறதுக்கு ஒரு வழி, வர்றதுக்கு ஒரு வழி, ரெண்டும் சேர்ந்தாத்தான் சுற்று. கார்லயும் அதேதான். பேட்டரியோட பிளஸ்ஸிலிருந்து தடிமனான வயர் செல்ஃபுக்கு வருது, அதை எல்லாரும் பார்க்கிறோம். செல்ஃபிலிருந்து இன்ஜின் பிளாக் வழியா மைனஸுக்குத் திரும்பற வழி? இன்ஜின் ரப்பர் மவுண்ட்டிங் மேல உட்கார்ந்திருக்கு, ரப்பர்ல கரண்ட் போகாது. அதனால இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு செம்பு எர்த் பட்டை இருக்கும். ஒரு சாண் நீளம். அதுதான் சிரை, நீங்க நரம்புன்னு சொல்றது. அது அடைச்சா கரண்ட் கிடைச்ச சந்து வழியா எல்லாம் போகும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள்னு. விட்டா பேரிங் வழியாகூட.

"எலக்ட்ரீஷியன் எர்த் பார்த்து ஓகேன்னாரே"ன்னு கேட்பீங்க. கேட்கணும்.

மீட்டர் பீப் அடிக்கிறப்போ அது அனுப்புற கரண்ட் துளியூண்டு. செம்புப் பட்டையில ஒரே ஒரு இழை தொட்டுக்கிட்டு இருந்தாக்கூட பீப் வரும். செல்ஃப் இழுக்கிறது 150 முதல் 200 ஆம்பியர். படுத்திருக்கும்போது இ.சி.ஜி. நார்மலா வர்ற ஆளுக்கு மாடிப்படி ஏறினா நெஞ்சு இறுக்குதே, ஏன்? இதயம் சும்மா இருக்கிறப்போ எடுத்த டெஸ்ட் அது. அதுக்குத்தான் டிரெட்மில்ல ஓட விட்டுப் பார்க்கிறோம். எர்த்தையும் ஓட விட்டுத்தான் பார்க்கணும்.

செஞ்சது இதுதான். காயில் வயரைக் கழட்டிட்டேன், இன்ஜின் ஸ்டார்ட் ஆகக்கூடாதுங்கிறதுக்காக. நியூட்ரல், ஹேண்ட்பிரேக், ஃபேன் பக்கம் யார் கையும் இல்லை. தம்பி மகன் செல்ஃப் அடிக்க, நான் மீட்டரை வச்சேன். பேட்டரி முனைகள்ல சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 11.1, அருமையான பேட்டரி. ஆனா செல்ஃப் மோட்டாருக்குக் கிடைக்கிறது வெறும் 7.4! நடுவுல 3.7 எங்க போச்சு? பிளஸ் வயர்ல 0.3 விழுது, அது பரவாயில்லை. இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல வச்சேன். 3.4 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாத இடம் அது.

ஓம் விதி பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். 170 ஆம்பியர்னு வச்சுக்கிட்டா தடை வெறும் 0.02 ஓம். சாதாரண மீட்டர்ல அது பூஜ்யம்னுதான் தெரியும். ஆனா அந்த இடத்துல வீணாகுற சக்தி 580 வாட்ஸ் பக்கம், சின்ன இஸ்திரிப் பெட்டி அளவு. செம்பு சூடாக ஆக அதோட தடையும் ஏறும், அதான் சூட்டுல மோசம். ஒவ்வொரு அறிகுறியும் ஒரே இடத்துல வந்து நின்னுச்சு. இப்படி நிக்கிறப்போ வர்ற சந்தோஷம் இருக்கே, வார்டுல வருசத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் கிடைக்கும்.

வண்டிக்கு அடியில படுத்து அந்தப் பட்டையைக் கழட்டினேன். பழைய பட்டை, பச்சை பூத்துப் பாதி இழை அறுந்திருந்தது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் அது போல்ட் ஆகியிருந்த இடம். கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங் மேல ரெண்டு கோட் சில்வர் பெயிண்ட், அதுக்கு மேல பட்டை. பெயிண்ட்ல கரண்ட் போகாது. போல்ட்டோட மரை வழியா மட்டும் கொஞ்சம் கசிஞ்சு போய்க்கிட்டு இருந்திருக்கு.

அந்தப் பெயிண்ட்டை அடிக்கச் சொன்னது யாரு?

நான்தான். "இன்ஜினும் கியர்பாக்ஸும் ஷோரூம் வண்டி மாதிரி பளபளன்னு இருக்கணும்"னு பெயிண்டரைத் தனியா கூட்டிட்டு வந்து ரெண்டாவது கோட் அடிக்க வச்சவன் நான். அண்ணாச்சி அன்னைக்கு ஊர்ல இல்லை. வந்து பார்த்துட்டு, "எதுக்குத் தம்பி இதெல்லாம்"னு மட்டும் சொன்னார். ரெண்டு மாசமா எத்தனை பேர்கிட்ட வண்டியோட கதையைச் சொல்லியிருப்பேன்! பெயிண்ட்டை ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. மறைக்கணும்னு இல்லை, அது ஒரு விஷயமாவே தோணலை. "வேற ஏதாவது மருந்து எடுத்துக்கிட்டீங்களா?"ன்னு நாங்க ஓ.பி.யில கேட்டா "இல்லை"ன்னு சொல்லிட்டு, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து "கை வைத்தியமா ஒரு லேகியம் மட்டும்"னு சொல்றவங்க மேல இனிமே எனக்குக் கோபம் வராது.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு ராத்திரி நடந்தது. ஆபரேஷன் முடிஞ்ச ஒரு பெரியவருக்கு நாலு மணி நேரமா யூரின் பையில சொட்டு இல்லை. கிட்னி போச்சான்னு எனக்குக் கை நடுங்குது, ஊசி போட ஆர்டர் எழுதப் போறேன். சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க வந்து போர்வையை விலக்கி, அவர் தொடைக்கு அடியில மடங்கிக் கிடந்த டியூபை நேராக்கி விட்டாங்க. பை நிறைஞ்சுது. அவங்க ஒண்ணும் சொல்லலை, போயிட்டாங்க. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னாடி படிச்ச பாடத்தை ஒரு அம்பாசிடர் வந்து திரும்ப நடத்த வேண்டியதா போச்சு.

என் கருத்து இதுதான். திறந்து மூடின எதுலயும், அது வயிறோ இன்ஜினோ, பிரச்சினை வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது கடைசியா தொட்டதை, கழட்டி மாட்டினதை, மடங்கினதை, மறந்ததை. புதுசா போட்ட பிஸ்டனும் பேரிங்கும் பழுதாகலாம், ஆகாதுன்னு சொல்லலை. ஆனா அதைப் பார்க்க நாப்பதாயிரமும் ஒரு மனுஷன் பேரும் ஆகும். எர்த் பட்டையைப் பார்க்க ஒரு 300 ரூபாய் மீட்டர் போதும். விலை கம்மியான டெஸ்ட் முதல்ல, திரும்பச் சரி பண்ண முடியாத வேலை கடைசியில. "மாத்திப் பார்ப்போம்"ங்கிற வார்த்தையை யாராவது சொன்னா பர்ஸை மூடிக்கோங்க. எதை அளந்து பார்த்துட்டு மாத்தச் சொல்றீங்கன்னு கேளுங்க. எங்களையும் கேளுங்க, எந்த சந்தேகத்துக்காக இந்த ஸ்கேன்னு. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

இன்ஜின் வேலை முடிஞ்ச வண்டியில வேற தொந்தரவு இருந்தாலும் இதே வரிசைதான். ஸ்டார்ட்டே ஆகாம கார்புரேட்டர் வழியா "டப்"னு வெடிச்சா டெல்கோவைப் பாருங்க. இந்த இன்ஜினுக்கு ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஒயர் மாறியிருக்கும், இல்ல டெல்கோ அரைச் சுத்து தள்ளி உட்கார்ந்திருக்கும். ஓவர்ஹீட் ஆனா ஹெட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி ரேடியேட்டர்ல ஏர் அடைச்சிருக்கா, இக்னிஷன் டைமிங் பின்னாடி போயிருக்கா, தெர்மோஸ்டாட் தலைகீழா இருக்கான்னு பார்க்கணும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு லேசா நீலப் புகை வந்தா பதறாதீங்க, ரிங் உட்கார்ற நேரம் அது.

இதைப் படிச்சுட்டு எல்லாத்தையும் "சின்ன விஷயம்"னு தள்ளவும் கூடாது. ஆயில் பிரஷர் லைட் அணையலைன்னா, அடியிலிருந்து கனமா "டொக் டொக்"னு தட்டினா, ஆயில் பால் மாதிரி வெளுத்தா அந்த இடத்துலயே ஆஃப் பண்ணிடுங்க. வீடு வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. அது எமர்ஜென்சி. அப்போ பிரிக்கத்தான் வேணும்.

அண்ணாச்சி மேல தப்பே இல்லையான்னு கேட்டா, இருக்கு. பெயிண்ட்டைச் சுரண்டிட்டுப் பட்டையை மாட்டியிருக்கணும். ஆனா பெயிண்டர் ஒரு நாள் வந்தார், பட்டையை மாட்டின பையன் இன்னொரு நாள் வந்தான், ஒருத்தர் செஞ்சது அடுத்தவருக்குத் தெரியாது. தியேட்டர்லயும் இப்படி நடக்கும். அதுக்காகத்தான் 2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கு ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்துச்சு. புது டெல்லி உட்பட எட்டு நகரங்கள்ல சோதிச்சு 2009-ல் வெளியிட்டாங்க, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்குச்சு. பெரிய மருந்து ஒண்ணும் இல்லை, ஒருத்தருக்கொருத்தர் வாய்விட்டுக் கேட்டுக்கிட்டதுதான். பஞ்சை எண்ணியாச்சா, பேஷண்ட் பேர் என்னன்னு. என் வண்டிக்கு அப்படி யாரும் கேட்கலை. கேட்டிருந்தா நான்தான் பதில் சொல்லியிருக்கணும்.

பெயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வெள்ளை உலோகம் தெரிஞ்ச பிறகு புதுப் பட்டை மாட்டி, மேல கிரீஸ் தடவினோம். பட்டை 350 ரூபாய். மறுபடி மீட்டர் வச்சப்போ 0.2 வோல்ட். செல்ஃப் தொட்டதும் எடுத்துச்சு. அப்பா ஒண்ணும் பேசலை, டிரைவர் சீட்டுல ஏறி உட்கார்ந்துட்டார்.

அண்ணாச்சி கடைக்குப் போனேன். அந்த மூணு பசங்களும் இருக்கிற நேரமா பார்த்துத்தான் போனேன். திட்டினது அவங்க முன்னாடிங்கிறதால மன்னிப்பும் அவங்க முன்னாடிதான் கேட்டேன். பழைய பட்டையைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டையை மாட்டின பையனைக் கூப்பிட்டு, "என்ன செஞ்சிருக்கணும்?"னு கேட்டார். "சுரண்டியிருக்கணும் அண்ணாச்சி"ன்னான். "ம்"ன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்கு தம்பி?"

480-ன்னேன்.

"ஐநூறுல ஆயில் மாத்தணும், ஹெட் நட்டு ஒருதடவ டைட் வைக்கணும், டேப்பெட்டும் பாக்கணும். மறந்துராதீய. வியாழக்கெழம காலைல வெறும் இன்ஜினா, சூடு பண்ணாம, தள்ளிக்கூட கொண்டு வந்திருங்க."

நாளைக்கு வியாழக்கிழமை. டியூட்டியை மதியத்துக்கு மாத்திக்கிட்டேன்.